ஜோடி மூச்சு

மாலை ஆறே முக்கால் இருக்கும். மார்கழி. சீக்கிரமே இருட்டிவிட்டது. அடையாற்றுப் பாலத்தைக் கடந்து ஆற்றோரமாக மேற்கே திரும்பினால் அந்த நாளில் ஒரு மண் சாலைதான். இரண்டு பக்கமும் சவுக்கு. விளக்குக் கிடையாது. ஆற்றுச் சேற்றின் வாடை... எங்கோ ஒரு நரி. அந்தச் சாலையில் ஓர் ஆள் தனியாகப் போகிறார். கக்கத்தில் துணிப்பை. பைக்குள் மரப் புல்லாங்குழல்.

அவர் பெயர் மெஹபூப் பாஷா. நம் சிநேகிதன் அப்துல் வஹீதுக்குப் பெரியப்பா முறை. வஹீத் இதைப் பற்றி அதிகம் பேச மாட்டான். ஒரே ஒரு தடவை சொன்னான். அதுவும் பகலில் கேட்டால்தான் சொல்வேன் என்றான். நமக்கு இப்போது இரவாகிவிட்டது. பரவாயில்லை, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நடந்தது முப்பத்து நாலாம் வருஷம். மெஹபூப் பாஷாவுக்கு வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில். கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, துரைமார் தோட்ட விருந்து என்று எல்லாவற்றுக்கும் போகிற ஒரு பேண்டில் குழல் ஊதுகிறவர். அதே பேண்டில் தம்பி அக்பர் பாஷாவும் குழல். அண்ணன் வலது பக்கம், தம்பி இடது பக்கம். இருபது வருஷமாக அந்த இடம் மாறவில்லை.

பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. நடந்துகொண்டே ஊதுகிறவனுக்கு மூச்சு வாங்கியாக வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் ஒரே வரியை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். ஒருவன் மூச்சை இழுத்து முடிக்கும்வரை மற்றவன் இழுக்கக் கூடாது. நெஞ்சே வெடித்தாலும் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு ஜோடி மூச்சு என்று பெயர். உன் முறை, என் முறை என்று வாயால் சொல்லிக்கொள்வதில்லை. பக்கத்துத் தோள் லேசாக ஏறும்போதே இந்த உதடு தானாக இறுகிவிடும். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. கண் இமைப்பது போல.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் அக்பருக்கு நெஞ்சு கெட்டுப்போனது. முதலில் இருமல். பிறகு இருமலோடு துணியில் சிவப்பு. பேண்டு மாஸ்டர் கறாரான மனிதர். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒவ்வொருவனையும் தனியாக நிறுத்தி ஒரே சுரத்தை நீளமாக ஊதச் சொல்வார். நெஞ்சு விட்டுப்போனவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அக்பருக்கு அந்த வேலையை விட்டால் வேறு தொழில் தெரியாது. மனைவி சகினா, இரண்டு குழந்தைகள். அதைவிட, அவன் பிழைப்பானா என்பதே சந்தேகமாக இருந்தது.

ஊர்வலங்களில் தம்பியின் பங்கையும் மெஹபூப் பாஷாவே ஊதிச் சமாளித்தார். அக்பர் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான்.

"பாய்ஜான், நீ பாட்டுக்கு ஊதிக்கினே வா. நான் சும்மா வெரலை ஆட்டிக்கினு வரேன். பொண்ணு வூட்டுக்காரன் என் வெரலைத்தான் பாக்கறான்" என்பான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறிவிடும்.

இந்த நிலைமையில்தான் அடையாற்றுப் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. கால்டர் என்ற ஒரு துரையின் மனைவி. துரை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏதோ ஒரு தோட்ட விருந்தில் இந்த பேண்டைக் கேட்டிருக்கிறாள். ஐரோப்பிய சுர எழுத்தைப் படித்துக் குழல் ஊதத் தெரிந்தவர் தேவை என்று சொல்லியனுப்பினாள். ஒரு பாட்டு இருக்கிறது, அதை முடித்துக் கொடுத்தால் போதும். தம்பியின் நெஞ்சைப் பற்றிக் கேள்விப்பட்டதும், தனக்கு வேண்டிய பெரிய டாக்டர் ஒருவரிடம் தானே சொல்வதாக வாக்குக் கொடுத்தாள். பாட்டு முடியட்டும், முடிந்தவுடனே.

அந்தப் பேச்சை நம்பித்தான் அவர் அந்தச் சாலையில் போனார்.

பங்களாவின் பட்லர் இனாயத். துரைசானி சொல்வதைத் தமிழில் சொல்வது அவர் வேலை. கூடத்தில் ஒரு பியானோ. அதன் மேல் இரண்டு மெழுகுவத்தி. பக்கத்தில் ஒரு நோட்டேஷன் தாங்கி, அதில் காகிதங்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன் தேசத்து ஆள் ஒருவன் குழலுக்கென்று எழுதிய சோனாட்டா.

மெஹபூப் பாஷா அதுவரை ஊதியதெல்லாம் கால் போட்டு நடக்கிற பாட்டுகள். இது வேறு. நாலு பகுதி. மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, மறுபடி மெதுவாக, மறுபடி வேகமாக. காகிதத்தில் மேலே குழலின் வரி, கீழே அடித்தளமாக ஒரே ஒரு வரி, அதன் அடியில் ஆறு, ஏழு, நாலு என்று எண்கள். அந்த எண்களைப் பார்த்துத் துரைசானி நடுவிலுள்ள சுரங்களைத் தன் கையாலேயே நிரப்பிக்கொண்டாள். எழுதியவன் பாதியைத்தான் எழுதியிருக்கிறான், மீதியை வாசிப்பவரிடம் விட்டுவிட்டான் என்று இனாயத் மூலமாகச் சொன்னாள்.

குழலின் வரியும் அப்படித்தான். மூன்றாவது பகுதி, அந்த மெதுவானது, படகு ஆடுகிற மாதிரி ஆடி ஆடிப் போகும். இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியின் முடிவிலும் இரட்டைக் கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி. திரும்பவும் வாசி என்று அர்த்தம். முதல் தடவை எழுதியபடி வெறுமையாக வாசிக்க வேண்டும். இரண்டாம் தடவை வாசிப்பவன் தன் கைவரிசையைக் காட்டலாம். சுரங்களைச் சுற்றி வளைத்து, அசைத்து, இழைத்து அலங்காரம் செய்வது அந்தக் காலத்து முறை.

துரைசானி ஏதோ சொன்னாள். இனாயத் அதைச் சொல்லும்போது மெஹபூப் பாஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொத தபா நீ ஊது பாய். ரெண்டாவது தபா... கொழலை வாயில வெச்சிக்கோ, வெரலைப் போடு. ஊதாதே. இன்னா கேட்டாலும் ஊதாதே."

அப்போது யார் ஊதுவது என்று மெஹபூப் பாஷா கேட்டார். இனாயத் மெழுகுவத்தியின் கருகிய திரியைக் கத்தரிக்கப் போய்விட்டார்.

அன்று முதல் பாதியை ஊதினார். புள்ளி வந்தது. சொன்னபடி நிறுத்தினார். குழல் உதட்டில், விரல் துளைகளில். பியானோ திரும்பவும் தொடங்கியது...

இடது பக்கம். தோளை ஒட்டி. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நீலகிரித் தைலத்தின் வாடை வந்தது. வெகு நாளாகப் படுத்துக் கிடக்கிறவர்களின் அறையில் வருகிற வாடை. பிறகு குழல். அவர் குழல் இல்லை. அதைவிட மெல்லிய, கொஞ்சம் கம்மிய சத்தம். அவர் வெறுமையாக ஊதிய அதே வரி, இப்போது உடுத்திக்கொண்டு வந்தது. ஒவ்வொரு அசைவையும் மேல் சுரத்தில் தொட்டுத்தான் கீழே இறக்கியது. அவருடைய விரல்கள் துளைகளின் மேல் இருந்தன. ஒன்றும் அசையவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாம் பாதியையும் அப்படியே ஊதிக் கொடுத்தார். அந்தப் பாதியில் ஓர் இடம் உண்டு. ஒரே சின்ன வரி, படி படியாக ஒவ்வொரு சுரம் கீழே இறங்கிக்கொண்டே வரும். சங்கிலி மாதிரி. எழுதியவன் மூச்சு வாங்க ஓர் ஓட்டை விடவில்லை. எந்தச் சுரத்தையாவது கிள்ளித்தான் வாங்க வேண்டும். அவர் கிள்ளினார். திரும்ப வாசிக்கும்போது பக்கத்தில் இருந்தது அந்த இடத்துக்கு வந்தது. ஒரு படி... இரண்டு படி... மூன்றாவதில் ஓர் இழுப்பு. காய்ந்த, விசில் மாதிரி ஓர் இழுப்பு. அவ்வளவுதான். நின்றுவிட்டது.

துரைசானி பியானோவிலிருந்து கையை எடுத்தாள். மூடியை மெதுவாக மூடினாள். நாளைக்கு என்று சொன்னாள்.

வாசலில் இனாயத் அரிக்கேன் விளக்கோடு நின்றிருந்தார். துரை விழுந்தது அந்த இடத்தில்தான் என்றார். அதே பாட்டு, அதே படி. குழல் வாயிலேயே இருந்ததாம். அதிலிருந்து துரைசானிக்கு அந்தப் பகுதியை முடித்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. உயிரோடு இருக்கிற ஒருவர் முதல் தடவை ஊதினால்தான் அது இரண்டாம் தடவைக்கு வருகிறது.

"உனக்கு முந்தி ரெண்டு பேர் வந்தாங்க. ஓடிட்டாங்க. ஓடினா தேவலை பாய்" என்றார் இனாயத். "அது நிக்கிற எடத்துல மட்டும் நீ வாய் வெச்சிடாதே."

மெஹபூப் பாஷாவும் ஓடத்தான் நினைத்தார். கலிமாவைச் சொல்லிக்கொண்டே பாலம் வரைக்கும் ஏறக்குறைய ஓடினார். ஆனால் வீட்டுக்குப் போனபோது சகினா ஒரு மண் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். சட்டியில் என்ன என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் மாலை மறுபடியும் அந்தச் சாலையில் இருந்தார்.

அதற்கப்புறம் பல நாள். எல்லாம் ஒரே மாதிரி. அவர் வெறுமையாக ஊதுவார். அது உடுத்திக்கொண்டு வரும். மூன்றாவது படியில் நிற்கும். துரைசானி பியானோவை மூடுவாள். பயம்கூடப் பழகிவிடுகிறது. இடது பக்கத்தில் ஒருவர் நிற்பது அவருக்குப் புதிதா என்ன?

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அக்பருக்குக் காலையிலிருந்து ஜுரம். பேச்சில்லை. நெஞ்சு மட்டும் துருத்தி மாதிரி போய் வந்தது. இன்றைக்குப் போகாதீர்கள் என்று சகினா கெஞ்சினாள். டாக்டரை இன்றைக்கே அனுப்பச் சொல்லிக் காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

கூடத்தில் நுழைந்ததும் கேட்டார். இனாயத் அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசானி காகிதத்தைத் தொட்டுக் காட்டினாள். முதலில் இது.

ஊதினார். காதில் சோனாட்டா இல்லை. வீட்டில் கேட்ட அந்தத் துருத்திச் சத்தம்தான் இருந்தது. புள்ளி வந்தது, நிறுத்தினார். தைல வாடை வந்தது. பக்கத்தில் அது தொடங்கியது. சங்கிலி இறங்கியது... ஒரு படி... இரண்டு படி...

மூன்றாவதில் அந்த இழுப்பு. இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு தோள் ஏறியது.

அவர் ஊதிவிட்டார்.

பழக்கமா, அவசரமா என்று பிறகு அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷமாகத் தம்பிக்குச் செய்தது. உதடு இறுகியது, மூச்சு போனது, விட்ட சுரத்திலிருந்து வரி அறுபடாமல் நடந்தது. துரைசானியின் கை ஒரு கணம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. நாலாவது படியை அவர் ஊதினார். அவருக்கு மூச்சு முட்டும்போது அது எடுத்துக்கொண்டது. அதற்கு முட்டும்போது அவர். சங்கிலி அடிமட்டத்துக்கு வந்தது. கடைசிச் சுரத்தை இரண்டு குழலும் சேர்ந்து பிடித்தன.

முடிந்தது.

துரைசானி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. டாக்டர், என்று மெஹபூப் பாஷா நினைவூட்டினார். அவள் இரண்டே வார்த்தை சொன்னாள். இனாயத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

"இனிமே தேவைப்படாதாம் பாய்."

காரியம் ஆனதும் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். ஆத்திரத்தில் வேகமாக நடந்தார். பாலத்துக்குப் பக்கத்தில்தான் கவனித்தார். அவர் மூச்சை வெளியே விடும்போது பக்கத்தில் யாரோ உள்ளே இழுத்தார்கள். அவர் இழுத்தால் அங்கே வெளியே போனது. நின்றார். சாலையில் ஒருவரும் இல்லை. மறுபடி நடந்தார். மறுபடியும் அதே. மந்தைவெளியில் விளக்குகள் வந்த பிறகு அது கேட்கவில்லை.

சந்தில் அழுகுரல் கேட்கும் என்று எதிர்பார்த்துத்தான் திரும்பினார். கேட்கவில்லை. உள்ளே அக்பர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஜுரம் இல்லை. இருமல் இல்லை. மெஹபூப் பாஷா அவன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். சகினா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின சோதனையில் அக்பரின் முறை வந்தது. ஊதினான். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். அந்தச் சுரம் போய்க்கொண்டே இருந்தது. போதும் என்று அவர் கையைக் காட்டிய பிறகுதான் நின்றது.

பெரிய டிரம் அடிக்கிற தெய்வநாயகம் மெஹபூப் பாஷாவின் விலாவில் இடித்தான்.

"இன்னா நைனா, உன் தம்பி தண்ணிக்குள்ள மூழ்கிக்கினுகூட ஊதுவான் போல கீதே?"

எல்லோரும் சிரித்தார்கள். மெஹபூப் பாஷா சிரிக்கவில்லை. அக்பர் அந்தச் சுரத்தை முடிக்கும்போது ஓர் அசைவு போட்டான். மேல் சுரத்தில் தொட்டுக் கீழே இறக்கினான். பேண்டில் அப்படி யாரும் ஊதுவதில்லை. அக்பருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

ஊதியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசாமல் இருந்தார். தம்பி நடக்கிறான், சாப்பிடுகிறான், வேலை நிலைத்துவிட்டது. கேட்டு என்ன ஆகப்போகிறது? தேரடிப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் தெலுங்குப் பாட்டு ஒன்று, சாதாரணப் பாட்டு, இரண்டாம் தடவை வரும்போது அக்பரின் குழலில் பட்டு உடுத்திக்கொண்டு வந்தது. ஜனங்கள் நின்று கேட்டார்கள். இடது பக்கமிருந்து தைல வாடை அடித்தது. மெஹபூப் பாஷா பார்வையை நேரே வைத்துக்கொண்டு ஊதினார். அன்றைக்கு வீட்டுப் படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்றே படிதான்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்தார். நல்ல வெயில். அக்பர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சகினா சமையல்கட்டு வாசலில் அவரை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பாய்சாப், நீங்க அன்னிக்கு பங்களாவுக்குக் கெளம்பினீங்களே. மந்தவெளிகூடத் தாண்டியிருக்க மாட்டீங்க. அவர் போயிட்டார்."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் கண்ணை மூடினேன். நீங்க வந்தாத்தான் நாலு பேரைக் கூப்பிடலாம்னு வாயைப் பொத்திக்கினு உக்காந்திருந்தேன். தாடையைக் கட்டத் துணி கிழிச்சேன். ராத்திரி இஷா பாங்கு சொல்லி முடிஞ்சி கொஞ்ச நேரம்... எழுந்து உக்காந்தார். பசிக்குதுன்னார்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலே?"

"நீங்க வந்து அவரைக் கட்டிக்கினு அழுதீங்க" என்றாள் சகினா. "உடம்பு இன்னும் சில்லுன்னுதான் கீது பாய்சாப். ராத்திரியில பக்கத்துல படுக்க முடியலே."

இதற்கு மேல் நடந்ததைப் பார்த்தவள் சகினா மட்டும்தான். அறை வாசலில் நின்றிருந்தாள். வஹீதின் அம்மாவிடம் அவள்தான் சொன்னாள்.

மெஹபூப் பாஷா கட்டிலுக்குப் பக்கத்தில், தம்பியின் வலது பக்கம், தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை அவன் மூக்குக்குக் கீழே வைத்தார். கையில் ஒன்றும் படவில்லை. நெஞ்சு அசையவில்லை. வைத்தபடியே ஒரு பெருமூச்சு விட்டார்.

அவர் விட்டதும் அக்பரின் நெஞ்சு ஏறியது.

அவர் இழுத்தார். அது இறங்கியது. விட்டார்... ஏறியது. அவர் வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெயில் கட்டிலின் காலிலிருந்து சுவருக்கு நகர்ந்துவிட்டது. பிறகு சகினாவைத் திரும்பிப் பார்த்தார். குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். தான் நிறுத்தினால் அவனும் நிறுத்துவான், அவனை ஒழுங்காக அடக்கம் செய்யலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. தம்பியின் நெற்றியில் கையை வைத்தார். நெஞ்சில் இருந்ததையெல்லாம் மெதுவாக வெளியே விட்டார். விட்டு, நிறுத்தினார்.

அக்பர் இழுக்கத் தொடங்கினான். சீராக, நிதானமாக. அறையில் தைல வாடை ஏறியது. கண் மூடியபடியே இருந்தது. நெஞ்சு ஏறிக்கொண்டே இருந்தது.

மெஹபூப் பாஷாவின் வாய் திறந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. உள்ளே ஒன்றும் போகவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

அக்பர் இன்னும் இழுத்து முடிக்கவில்லை.